ஐம்பது ஸ்டேட்டுக்கும் ஆன் பண்ணிடுங்க, சேஃப்!

அமெரிக்காவில் வீட்டிலிருந்தபடி ஆன்லைனில் விற்பவர்களுக்கு சேல்ஸ் டேக்ஸ் (விற்பனை வரி) யோசனை சொல்லும் அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பினீர்கள். "வெப்சைட் செட்டிங்ஸ்ல ஐம்பது ஸ்டேட்டுக்கும் டேக்ஸை ஆன் பண்ணிடுங்க, சேஃப்." கீழே கமென்ட்டில் போய் மரியாதையாக நாலு வரி, இது தப்பு என்று எழுதினேன். 'வயித்தெரிச்சல்', 'கிளையன்ட் பிடிக்க வந்துட்டார்' என்றார்கள். சரி, இங்கேயே எழுதிக்கொள்கிறேன்.

பெர்மிட், அதாவது வரி வசூலிக்க மாநில அரசிடம் பதிந்து வாங்கும் அனுமதி, இல்லாத மாநிலத்தில் சேல்ஸ் டேக்ஸ் வசூலிக்காதீர்கள். அந்தப் பட்டன் வாடிக்கையாளரிடம் காசைப் பிடிக்கும், அவ்வளவுதான். உங்கள் பெயரைப் பதியாது, அரசுக்குக் கட்டாது. பிடித்த காசு உங்கள் அக்கவுண்டில் கிடந்தாலும் உங்களுடையது இல்லை. கட்டாமல் விட்டால் கம்பெனியோடு நிற்காது, உங்கள் தலையிலும் விடியும்.

அதுசரி, ஐம்பதா! ஆரிகான், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் நான்கிலும் அப்படி ஒரு மாநில வரியே கிடையாது. அலாஸ்காவில் சில ஊர்களுக்கு மட்டும் உண்டு. இதுகூடத் தெரியாதவர் எக்ஸ்பர்ட்.

2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வேஃபேர் வழக்குத் தீர்ப்பு வந்ததிலிருந்து, கடையோ ஆளோ இல்லாத மாநிலமும் விற்பனை அளவைப் பார்த்து வரி வசூலிக்கச் சொல்லலாம். பல மாநிலங்களில் வரம்பு ஆண்டுக்கு 1,00,000 டாலர். டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் 5,00,000. நியூயார்க்கில் 5,00,000 தாண்டணும், கூடவே நூறு விற்பனைக்கு மேலும் போகணும். வீட்டில் புடவை, பொடி விற்கும் பெரும்பாலானவர்கள் இதன் பக்கத்தில்கூட வரமாட்டார்கள்.

ஆனால் இந்த வரம்பெல்லாம் வெளிமாநில விற்பனைக்குத்தான். டெக்சஸின் டல்லஸில் குடியிருந்துகொண்டு "நான் இன்னும் அஞ்சு லட்சம் தொடலையே" என்றால் செல்லாது. சொந்த மாநிலத்தில் முதல் டாலரிலிருந்தே வரி. வேறு மாநிலத்துக் கிடங்கில் சரக்கு வைத்தாலோ, தீபாவளி மேளாவில் ரெண்டு நாள் ஸ்டால் போட்டாலோ அங்கேயும் வரம்புப் பேச்சு பெரும்பாலும் எடுபடாது. போவதற்கு முன்பே அந்த மாநிலத்தின் விதியைப் பாருங்கள்.

இந்த 'சேஃப்' யோசனையைக் கேட்டு ஒரு அக்கா பட்டனைத் தட்டியிருந்தார். நியூ ஜெர்சிக்கு 120 டாலர் புடவை, 6.625 சதவீதம், 7.95 டாலர் வரி. அங்கே பெர்மிட்டும் இல்லை. அங்கே துணிக்கு வரியும் இல்லை! புடவையோடு போன கவரிங் தோட்டுக்கு மட்டும் உண்டு. இனி வாங்கியவர்களைத் தேடித் தேடி காசைத் திருப்பணும், இல்லை அரசிடம் ஒப்படைக்கணும். அவர் கேட்டது ஒரே கேள்வி: "தப்பா ஏமாத்தலையே தம்பி, கூடத்தானே வாங்கினேன்?" வீடியோ போட்டவர் வந்து பதில் சொல்லட்டும்.

"சாஃப்ட்வேர் எல்லாம் பாத்துக்கும்" என்பவர்களுக்கு: ரேட்டைப் பார்த்துக்கொள்ளும், ஒத்துக்கொள்கிறேன். முழு முகவரி கொடுத்தால் ஜிப் கோடுக்குள் மாறும் ஊர் வரியைக்கூடப் பிரிக்கும். ஆனால் புடவையைத் 'துணி' என்று குறிக்க வேண்டியது நீங்கள். 'பொதுப் பொருள்' என்று விட்டால் அதுபாட்டுக்கு வரி போடும். ஷிப்பிங்கையும் பாருங்கள்: வரியுள்ள பொருளென்றால் டெக்சஸில் ஷிப்பிங்குக்கும் வரி. கலிபோர்னியாவில் கூரியர் செலவைத் தனியாகக் காட்டினால் பொதுவாக இல்லை.

"அப்போ எல்லா ஸ்டேட்லயும் பெர்மிட் எடுத்துட்டா?" எடுங்கள், தாராளமாக. விற்பனை பூஜ்யமானாலும் ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போடணும். டெக்சஸில் வரி பாக்கியே இல்லாத ரிட்டர்ன் தாமதமானாலும் 50 டாலர் அபராதம்.

"சின்ன ஆளுங்களை யார் பிடிக்கப் போறாங்க?" இதற்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை. ரிட்டர்னே போடாதவரிடம் பழைய பாக்கியைக் கேட்க அரசுக்கு உள்ள காலக்கெடு பல மாநிலங்களில் ஓடவே ஆரம்பிக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே பாக்கி வைத்துவிட்டவர்கள் பதறிப்போய் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்காதீர்கள். பல மாநிலங்களில் தாமாக முன்வந்து ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம் உண்டு; பழைய பாக்கியை மூன்று நான்கு வருடத்தோடு நிறுத்துவார்கள், அபராதம் குறையும். முதலில் பதிந்துவிட்டால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும். வாடிக்கையாளரிடம் வசூலித்த வரிக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது, முழுசாகக் கட்டணும். பட்டனைத் தட்டியவர்கள் மாட்டுவது சரியாக இங்கேதான்.

கிளையன்ட் பிடிக்கிறேனாம். மேலே எழுதியதற்கு யாரிடம் பில் போட்டேன்? அந்த வீடியோ அப்படியே இருக்கிறது, என் நாலு வரியைத்தான் காணவில்லை.