வெள்ளை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும்

"குடோன் கூரையில் இருப்பது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ்; நீல வகைதான் ஆபத்து. சிமென்டில் இறுகிய இழை வெளியே வராது, பழைய சீட்டை உடைத்துத் தள்ளிவிடலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருப்பதை நம்பி யாரும் வேலையில் இறங்கிவிட வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, வெள்ளை உட்பட எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியுள்ளது. பிரிட்டன் நீலத்தையும் பழுப்பையும் 1985-இலும், வெள்ளையை 1999-இலும் தடை செய்தது. இந்தியாவில் அந்தச் சீட்டுகள் இன்றும் சட்டப்படி விற்கப்படுவது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

சீட் முழுதாக இருக்கும்வரை இழை எளிதில் காற்றில் கலக்காது என்பது உண்மையே. ஆகவே நல்ல நிலையில் உள்ள கூரையை அவசரமாகப் பிரிக்கத் தேவையில்லை, விரிசல் விழுகிறதா என்று கவனித்துவந்தால் போதும். ஆனால் உடைக்கும்போதும், கிரைண்டரால் அறுக்கும்போதும், டிரில் போடும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறந்து நுரையீரலில் தங்கிவிடுகின்றன. இந்த இழையால் நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோயான மீசோதெலியோமா வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், இன்று இருமல்கூட வரவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

கழற்றியே ஆகவேண்டுமென்றால், தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, சீட்டைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஜே-போல்ட்டை (கொக்கி போல்ட்) கிரைண்டர் வைக்காமல் கையால் இயக்கும் போல்ட் கட்டரால் வெட்டி, சீட்டை உடையாமல் இறக்கி, கனத்த பாலிதீனில் சுற்றிக் கட்ட வேண்டும். கிடக்கும் தூளை விளக்குமாற்றால் கூட்டக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்தே கட்டிவிட வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இந்த இழையைத் தடுக்காது, அதற்குரிய சுவாசக் கவசம் வேண்டும். கூலிக்குக் கூரை ஏறுபவருக்கு அதை வாங்கித் தருவது கட்டட உரிமையாளரின் பொறுப்பு.