ஒரு டேப், ரெண்டு ஸ்பேஸ், இது என்ன கம்பசூத்திரமா?

லினக்ஸோட மையப்பகுதியான கெர்னல்ல எந்தெந்த வசதி வேணும்னு தேர்ந்தெடுக்கற ஆப்ஷன்கள எழுதி வைக்கறது கேகான்ஃபிக் ஃபைல். அதுல வரிய எவ்வளவு உள்ள தள்ளி எழுதணும்ங்கற விதி ரொம்ப சின்னது. ஆப்ஷன் பேர சொல்ற கான்ஃபிக் வரிக்குக் கீழ வர்ற வரிக்கு ஒரு டேப், ஹெல்ப் டெக்ஸ்ட்டுக்கு அதுக்கு மேல ரெண்டு ஸ்பேஸ், முடிஞ்சுது. ஆனா ஃபைல திறந்தா ஒருத்தர் எட்டு ஸ்பேஸ் தட்டி வச்சிருக்காரு, இன்னொருத்தர் டேப்போட ஒரே ஒரு ஸ்பேஸ், வேறொரு மகராசன் ஏழு ஸ்பேஸ், ஏன் ஏழு, ஜோசியர் சொன்னாரா? இத்தனைக்கும் ஹெல்ப் டெக்ஸ்ட் எங்க முடியுதுன்னு ஃபைல படிக்கற புரோகிராமான பார்சரே இண்டென்ட், அதாவது வரி உள்ள தள்ளியிருக்கற அளவு, குறையறத வச்சுதான் கண்டுபிடிக்குது.

சரி நாமளே சுத்தம் பண்ணுவோம்னு பேட்ச், அதாவது திருத்தம், அனுப்புனா, வெறும் வொயிட்ஸ்பேஸ் (டேப், ஸ்பேஸ் மாதிரி வெற்றிடம்) பேட்ச்சா, எந்த வரிய யார் கடைசியா மாத்துனாங்கன்னு காட்டற கிட் பிளேம் கெட்டுப்போயிடுமேன்னு அட்வைஸ். வொயிட்ஸ்பேஸ் மாத்தத்த கண்டுக்காம விடறதுக்குன்னே கிட் பிளேம்ல ஒரு ஆப்ஷன் இருக்கேய்யா, அத யாருக்காக வச்சிருக்காங்க? அப்படியே பேட்ச் கெர்னல்ல மெர்ஜ் ஆனாலும் அடுத்த ரிலீஸ்ல புது டிரைவர் வரும், கூடவே புதுசா எட்டு ஸ்பேஸும் வரும். பேட்ச்ல இருக்கற ஸ்டைல் தப்ப காட்டிக்கொடுக்கற செக்பேட்ச் ஸ்கிரிப்ட்ட ஒரு தடவ ஓட்டுனா கை தேஞ்சிடுமா?

இதுல 2024 ஏப்ரல்ல லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே வேணும்னு சில டேப்ப கேகான்ஃபிக்ல ஒளிச்சு வச்சாரு. டேப்ப படிக்கத் தெரியாத ஏதோ ஒரு வெளி டூலுக்காக ஒரு டேப்ப எடுத்துட்டாங்கன்னு கடுப்பு, அதுவும் எங்க வச்சாரு, மெமரிய எவ்வளவு பெரிய துண்டா பிரிக்கறதுன்னு சொல்ற பேஜ் சைஸ் ஆப்ஷன்ல! தப்பு டூல் மேலதான், ஒத்துக்கறேன். ஆனா இனிமே கண்ணுல படற கோணல் டேப் எல்லாம் அசால்ட்டா வந்ததா, வேணும்னே வச்சதான்னு நான் யாரப் போய் கேக்கறது?