ஜெபம் பண்ணியும் படபடப்பு போகலையே என்று தவிக்கிறவர்களுக்கு

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கடும் பயம் தாக்குவது, வருகிற கிறிஸ்தவருக்கு இரண்டு பயம் சேர்ந்தே வருகிறது. முதலாவது எல்லோருக்கும் வருவது: நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கை நடுங்கும், "செத்துடுவேனோ, புத்தி பேதலிச்சிடுமோ" என்று தோன்றும். இரண்டாவது, சபையில் வளர்ந்தவர்களுக்கு: "ஜெபம் பண்ணியும் போகலையே, என் விசுவாசத்துல என்ன குறை?" அட்டாக்கை இழுத்துக்கொண்டே போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பயம்தான் என்பது என் உறுதியான கருத்து.

உடம்பில் நடப்பது இதுதான். ஆபத்து இருப்பதாக மூளை தவறாக முடிவுகட்டி, உடம்பை உஷார்படுத்தும் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. மூச்சு வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். சாதாரணமாக 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். ஜெபித்தாலும் தணியும், ஜெபிக்க முடியாமல் போனாலும் தணியும். தேவன் உடம்பை அப்படித்தான் படைத்திருக்கிறார்.

இப்போது நாம் பழகிய ஜெபத்தைப் பாருங்கள். "போ, போ" என்று சத்தமாக, இடைவிடாமல், வேக வேகமாக அதட்டி ஜெபிக்கிறோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாயால் காற்றை அள்ளி இழுக்கிறோம். மரத்துப்போவது இன்னும் கூடுகிறது. நடுநடுவே "போயிடுச்சா?" என்று நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஆபத்து இன்னும் இருக்கிறது என்றே மூளை எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் "நல்லா இழுத்து மூச்சு விடும்மா" என்பதும் இதே தவறுதான். இழுப்பதைக் கூட்டக் கூடாது, விடுவதை நீட்ட வேண்டும்.

அதனால் அட்டாக் நேரத்தில் "இதை எடுத்துப்போடும்" என்று கேட்காதீர்கள். அது இருக்கும்போதே அவரோடு இருங்கள். உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் படட்டும். மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்துக்கொண்டே மனதுக்குள் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". பிறகு 6 எண்ணும் வரை வாயால் விட்டுக்கொண்டே முணுமுணுப்பாக "நான் தாழ்ச்சியடையேன்". நிமிடத்துக்கு 6 மூச்சு. 5 நிமிடம் போதும். தினமும் காலையில் நன்றாக இருக்கும்போதே பழகி வைக்க வேண்டும். அட்டாக் நடுவில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. கணக்கு தவறினால் விட்டுவிடுங்கள், விடும் மூச்சு நீளமாக இருந்தால் சரி. பேப்பர் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடும் பழைய வழக்கம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயப் பிரச்சினையாகவோ இருந்தால் ஆபத்து.

"பயத்தின் ஆவி" என்று தலையில் கையை அழுத்திச் சத்தம் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 55-ம் சங்கீதத்தில் "மரணத்திகில் என்மேல் விழுந்தது" என்று எழுதியவருக்கு என்ன ஆவி? சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவைத் தேவதூதன் அதட்டவில்லை. தூங்கவிட்டான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். முழு இரவு ஜெபமும் உபவாசமும் முடிந்து, வெறும் வயிற்றில் இரண்டு காபி குடித்து, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காருகிறவருக்கு அட்டாக் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தூக்கமும் சாப்பாடும். அவர்களுக்கு உபவாசத்திலிருந்து விலக்குக் கொடுப்பது போதகரின் வேலை.

அதற்காக ஆராதனைக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். முதல் வாரம் வாசல் ஓர இருக்கை, அது பழகியதும் இரண்டு வரிசை முன்னால். படபடப்பு வந்தால் எழுந்து ஓடாமல், அது இறங்கும் வரை அங்கேயே உட்காருங்கள். உச்சத்தில் வெளியே ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை பதிந்துகொள்ளும்.

டாக்டர் விஷயம். முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் பேனிக் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்கள். தைராய்டு, சர்க்கரை, ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அட்டாக் திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவர்தான். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பலன் தரச் சில வாரம் ஆகும். முதல் ஓரிரு வாரம் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யலாம். பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். "மாத்திரையைத் தூக்கிப் போட்டேன், சுகமானேன்" என்ற சாட்சியைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் திரும்பும், அதை விசுவாசக் குறைவு என்று மறுபடியும் சொல்வார்கள். அல்பிரசோலம் மாதிரி உடனே அடக்குகிற மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடாதீர்கள், அது பழக்கமாகிவிடும்.

மிஷனெரிகள் தொடங்கிய வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி), அதே ஊரின் பாகாயத்தில் மனநலப் பிரிவை நடத்துகிறது. சிகிச்சையும் ஜெபமும் ஒரே வளாகத்தில் இருக்கலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். உடனே யாரிடமாவது பேச வேண்டுமானால் மத்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். போதகர்களே, ஞாயிறு அறிவிப்புகளோடு அந்த எண்ணையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.