தலையணைக்கு அடியில் இருந்த மஞ்சள் கேப்சூல்

பெரியப்பாவுக்கு வாய்ப் புற்று. ரேடியேஷன் தொடங்கி மூன்றாவது வாரம். வாயெல்லாம் வெந்து, ரசஞ்சாதத்தைக் கரைத்துக் கொடுத்தாலே கண் கலங்கிவிடும். தலையணை உறையை மாற்றும்போது ஒரு டப்பா உருண்டு விழுந்தது. மஞ்சள் சத்தோடு மிளகுச் சத்தும் சேர்த்த கேப்சூல். "டாக்டர்கிட்ட சொல்லிடாத கண்ணு, திட்டுவாரு" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "கீமோ கெமிக்கல், இது இயற்கை" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தவர் மேல்தான். நாற்பது வருஷமாகப் பெரியப்பா மென்ற பாக்கும் இயற்கைதானே? புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதே மாதிரி, வாய்ப் புற்றுக்குக் கொடுக்கும் கீமோ மருந்துகளில் ஒன்றான பேக்லிடாக்செல், முதலில் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுத்தது. வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வருகிற வின்கிரிஸ்டின் ரத்தப் புற்றுக்குப் போகிறது. செடியிலிருந்து வந்ததா என்பதல்ல கேள்வி. எவ்வளவு கொடுக்கலாம், எதோடு சேராது என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

மஞ்சளையும் சோதித்திருக்கிறார்கள். வாயில் வெள்ளைத் திட்டு உள்ள 223 பேரை வைத்து இந்தியாவில் நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. மஞ்சளில் இருக்கிற முக்கியச் சத்தான குர்குமின், தினம் 3.6 கிராம், ஆறு மாதம். எடுத்தவர்களில் 67.5 சதவீதம் பேருக்குத் திட்டு குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 55.3. எனக்கு அது நம்பிக்கை தருகிற செய்திதான். ஆனால் அது புற்றாக மாறுவதற்கு முந்தைய திட்டு. பெரியப்பாவுக்கு இருப்பது புற்று.

மிளகு விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. குர்குமின் லேசில் ரத்தத்தில் ஏறாது. உடம்பு உடனே உடைத்து வெளியே தள்ளிவிடும். அதைத் தடுக்கத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். டோசிடாக்செல் போன்ற கீமோ மருந்தையும் கல்லீரல் என்சைம்தான் உடைக்கிறது. மிளகுச் சத்தால் அந்த வேலையும் தடைபட்டால் மருந்து ரத்தத்தில் தேங்கும், வெள்ளையணு சரியும். சத்தாக எடுத்த மஞ்சளாலேயே கல்லீரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

நான் மறுநாளே எடுத்துப் போனேன். டாக்டர் திட்டவில்லை. லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்தார், ஃபைலில் எழுதினார், கல்லீரல் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். சிகிச்சை முடியும்வரை இது வேண்டாம் என்றார். "சமையல்ல போடுற மஞ்சளையும் நிறுத்தணுமா சார்?" என்று பெரியப்பா குழறலாகக் கேட்டார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்யா. ரசத்துல மட்டும் காரத்தைக் குறைக்கச் சொல்லுங்க, புண்ணு எரியும்."