ஒப்பாரி வைத்தால் அவிசுவாசமா?

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சாவு வீடுகளில் இப்போது ஒரு கண்டிப்பு கிளம்பியிருக்கிறது. பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினாலே, "விசுவாசிங்க அப்படி அழக் கூடாது, ஜெபம் பண்ணுங்க" என்று யாராவது மைக்கைப் பிடித்துவிடுகிறார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

இவர்கள் காட்டுவது பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், 4ஆம் அதிகாரம். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார் பவுல். துக்கிக்கவே வேண்டாம் என்று எங்கே சொன்னார்? செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு அழுதாரே.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9இல் வரும் தொற்காள் என்ற சீஷியின் சாவைப் பாருங்கள். யோப்பா ஊர். உடலைக் கழுவி மேல்வீட்டில் கிடத்தியிருக்கிறார்கள். பேதுரு வந்ததும் விதவைகள் அவரைச் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். அழுதுகொண்டே, அவள் இருந்தபோது செய்துகொடுத்த அங்கிகளையும் துணிகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். நம் ஊர் ஒப்பாரி வேறென்ன? கொள்ளிடக்கரையில் கோரைப்பாய் நெய்தவள் செத்தால், கூட உட்கார்ந்து நெய்தவள்தான் முதலில் கட்டிக்கொண்டு அழுவாள். கோரை கிழித்துக் காயப்போட்டது, ஒருத்தி குச்சியில் கோரையை உள்ளே விட மற்றவள் அச்சுப்பலகையால் அடித்து நெருக்கியது, மகளுக்குக் கல்யாணப்பாய் போட்டது, வியாபாரி கூலியில் பிடித்தது, எல்லாம் ராகத்தோடு வரும். கல்லறையில் பெயரும் இரண்டு தேதியும்தான் இருக்கப்போகிறது.

பேதுரு அந்தப் பெண்களை வெளியே அனுப்பினாரே என்று சிலர் மடக்குவார்கள். அனுப்பினார், ஜெபிக்க. அழுததற்காகத் திட்டியதாக ஒரு வரி கிடையாது. தொற்காளை உயிரோடு எழுப்பியதும் அதே விதவைகளைக் கூப்பிட்டுத்தான் காட்டினார்.

இறந்தவர்களைப் பற்றி நம் சபைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்து (மோட்சம் போகுமுன் பாவக்கறை தீரும் இடம்) ஆத்துமாக்களுக்காகப் பூசை வைப்பார்கள், நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். 1706இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியின் லுத்தரன் வழியில் அந்த ஸ்தலமே கிடையாது. ஆனால் சரீரம் உயிர்த்தெழும் என்று இரு தரப்பும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். ஆத்துமா மட்டும் பிழைத்தால் போதும் என்பதல்ல நம் நம்பிக்கை. அப்புறம், கோரை அறுத்துத் தழும்பேறிய கைகளைப் பாடி அழுதால் அது எப்படி அவிசுவாசமாகும்?

எமனைத் திட்டும் அடிகள் வரும், சரி. அதுதான் உறுத்துகிறது என்றால் அதை மட்டும் விடச் சொல்லலாம். (கோடி போடும்போது யாரும் வாய் திறப்பதில்லை. அது மாமன் மச்சான் கௌரவமாயிற்றே!)

அடக்கத்துக்கு நேரமாகிறது என்பார்கள். காலையிலிருந்து வாடகை ஸ்பீக்கரில் ஓடும் பாட்டை ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், நேரம் தானாகக் கிடைக்கும்.