கோழி வண்டி

சரி, பேசிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் வாயைத் திறக்காததால் டீச்சரிடம் பதில் இல்லை என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தாயிற்று. பார்க்காதவர்களுக்கும் யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். ஒகேனக்கல் பார்க்கிங்கில் யாரோ ஒருவருடைய டிராவலர், அதாவது கேரவனாக மாற்றிய பெரிய வேன், பக்கத்தில் நான் தனியாக ஊர் சுற்றி உள்ளேயே படுத்துக்கொள்கிற என் சின்ன மாருதி ஈகோ வேன், மேலே "கேரவனும் கோழி வண்டியும்" என்று தலைப்பு. மோனை நன்றாக விழுந்திருக்கிறது, அதற்கு ஒரு மார்க் போடலாம். கீழே ஒருவர் "டீச்சர், முட்டை டஜன் என்ன விலை?" என்று கேட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அதற்கு நானே சிரித்துவிட்டேன். மற்ற எதற்கும் சிரிப்பு வரவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். தனியாகப் போகிற ஆளுக்குச் சின்ன வண்டிதான் சரி. கஞ்சத்தனமும் இல்லை, இயலாமையும் இல்லை. போவது ஒரு ஆள், அந்த ஒரு ஆளுக்கு ஆன வண்டி. இதில் கூட்டம் கூடிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

"பெரிய வண்டியை ஓட்டிப் பார்க்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்" என்று ஒரு கமெண்ட். ஓட்டியிருக்கிறேன் ஐயா. ரிட்டையர் ஆன வருஷம் தெரிந்தவர் ஒருவர் தன் டிராவலர் கேரவனை விற்கப்போவதாகச் சொன்னார். பதினெட்டு லட்சம். "ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்று சாவியையே கொடுத்துவிட்டார். உள்ளே ஏறியதும் எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன். நிமிர்ந்து நிற்கலாம், நான்கு பேர் படுக்கலாம், டாய்லெட், குட்டி சிங்க், டிவி, கூரையில் ஏசி. அன்று ராத்திரி தூக்கமே இல்லை. ஊறுகாய் ஜாடியை எந்த அலமாரியில் வைப்பது என்பது வரைக்கும் யோசித்து முடித்துவிட்டேன்.

மறுநாள் பென்னாகரம் தாண்டி ஒரு கிராமத்தில் பழைய மாணவன் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதிலேயே போனேன். மெயின் ரோட்டில் ஜம்மென்று போயிற்று. ஊருக்குள் திரும்பியதும் ஆரம்பித்தது வினை. இரண்டு பக்கமும் புளியமரம். கூரை ஏசியில் கிளை உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் குறுக்கே தாழ்ந்து தொங்குகிற கரண்ட் கம்பி. முன்னால் போக வழியில்லை, திருப்ப இடமில்லை. வந்த வழியே ரிவர்ஸில்தான் போக வேண்டும், ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம்.

அங்கேதான் உறைத்தது. லாரிக்குக் கிளீனர் இருக்கிறார். பஸ்ஸுக்குக் கண்டக்டர். குடும்பமாகப் போகிறவர்களுக்கு, இறங்கிப் பின்னால் நின்று "வரட்டும் வரட்டும், லெஃப்ட்ல ஒடி, நில்லு நில்லு" என்று வண்டியைத் தட்ட ஒரு மச்சானாவது இருப்பார். எனக்கு யார்? ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பத்து வயசுப் பையன் ஒருவன் தானாக வந்து "வரட்டும் வரட்டும்" சொன்னான். நம்பி வந்தேன். பாவம், "நில்லு" சொல்ல மறந்துவிட்டான். பின் லைட் கரண்ட் கம்பத்தில் போய் உடைந்தது. அவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மாயமாகிவிட்டான். லைட்டுக்கான பணத்தோடு சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உடனே ரிவர்ஸ் கேமரா என்பீர்கள். சொன்னார்கள், நான்கு பேர் சொன்னார்கள். கேமரா பின்னால் இருப்பதைக் காட்டும். தலைக்கு மேலே தொங்குகிற கம்பியைக் காட்டுமா? ஒடித்துப் பின்னால் வரும்போது மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுமா? என் ஈகோ 3,675 மில்லிமீட்டர், அதாவது பன்னிரண்டு அடி. அகலம் ஐந்தடிக்குள். நீளமான டிராவலர் ஏறக்குறைய 7 மீட்டர், இருபத்து மூன்று அடி. தெருவில் அந்தப் பதினோரு அடி வித்தியாசத்தை இறங்கி நின்று பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். தனியாகப் போவது என்றால் அந்த இன்னொரு ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். இதை எத்தனை தடவை சொல்வது?

ஜப்பானில் "கெய்" என்று ஒரு வகை வண்டி இருக்கிறது. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சிசி, இதற்கு மேல் போனால் அந்த வகையில் சேராது என்பது அங்கே சட்டம். அந்தப் பெட்டிக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்து நாடு முழுக்கச் சுற்றுகிறார்கள். என் கோழி வண்டி அதைவிட ஏறக்குறைய ஓரடி நீளம். அந்தக் கணக்குப்படி நான் ஆடம்பரக்காரி.

அடுத்து ஏசி. "வெயில்ல வெந்துடுவீங்க டீச்சர்" என்று அக்கறையாகச் சொன்னவர்களுக்கு நன்றி. நான் முப்பது வருஷம் அறிவியல் எடுத்தவள், கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி, 12.8 வோல்ட், மொத்தம் 1,280 வாட்-அவர் மின்சாரம் அதில் தேங்கும். சின்ன ஃபேன் 25 வாட். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 200 வாட்-அவர். லைட்டும் போன் சார்ஜும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். 100 வாட் சோலார் பேனலுக்கு நான்கு மணி நேரம் நல்ல வெயில் கிடைத்தால் 400 திரும்ப வந்துவிடுகிறது. தர்மபுரிக்காரிக்கு வெயிலுக்கா பஞ்சம்? அதே பேட்டரியில் ஒரு டன் ஏசி போட்டால், அது 1,000 வாட் இழுக்கும், ஒரு மணி நேரம் சொச்சத்தில் கதை முடிந்தது. அதனால் இன்னும் பெரிய பேட்டரி வைக்க வேண்டும், எடை ஏறும். பிறகு ஜெனரேட்டர். ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் அந்த டிராவலர்காரருடைய ஜெனரேட்டர் ஓடிய ஓட்டத்தில் எனக்கு அருவிச் சத்தமே கேட்கவில்லை. அதை யாரும் படமெடுத்துப் போடவில்லை.

எடையைச் சும்மா சொல்லவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பெரிய வண்டியில் பெரிய டேங்க், குளிக்க, கழுவ, எல்லாம் உருண்டு வருகிறது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்குகிறவர்களுக்குத் தெரியும், அந்த இறக்கத்தில் பாரம் என்றால் என்ன என்று. என்னிடம் இருபது லிட்டர் கேன் இரண்டு. கீழ் கியரில் பிடித்து இறங்கினால் பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. வத்தல்மலைக்கு இருபதுக்கு மேல் கொண்டை ஊசி வளைவு, அங்கே மேலேறும்போது ஒவ்வொரு வளைவிலும் நான் ஒரே திருப்பில் திரும்பினேன். சரி, எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் உட்கார்ந்த இடம் சூடானது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து சொல்வார்கள்.

டாய்லெட் விஷயம். இதில் நீங்கள் சொல்வது நியாயம். மடக்குகிற ஒன்று வைத்திருக்கிறேன், அவசரத்துக்குத்தான். மற்றபடி பெட்ரோல் பங்க், மாணவர்கள் வீடு. கஷ்டம்தான். ஆனால் பெரிய கேரவனில் டாய்லெட் இருக்கிறதே, அந்தக் கழிவுத் தொட்டியை எங்கே கொட்டுகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? வெளிநாடுகளில் கேரவன் நிறுத்துமிடம் என்றால் கரண்ட் பிளக், தண்ணீர்க் குழாய், கழிவு இறக்கத் தனி இடம் இருக்கும். கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கு ஒரு கொள்கை கொண்டுவந்தது. நம் மாநிலத்தின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா என்று ஒரு பிரிவு இருக்கிறது. நல்லது, வரட்டும். நான் வண்டி வாங்கிய நாளிலிருந்து ராத்திரி நிறுத்தியது பங்க்கிலும் கோயில் திடலிலும் களத்துமேட்டிலும்தான். அஞ்செட்டிப் பக்கம் ஒரு வீட்டில் வைக்கோல் போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் இடம் காட்டினார்கள். அங்கே இருபத்து மூன்று அடியைக் கொண்டுபோய் எங்கே சொருகுவது?

சட்டம் பேசியவர் ஒருவர். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவை எனக்குப் பாடம் எடுத்தார். ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. தெரியும். அதனால்தான் பாடியில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. எல்லாம் பலகையும் பெட்டியும், வேண்டாமென்றால் இறக்கி வைத்துவிடலாம். பேனலும் மடக்கி வெளியே வைக்கிறதுதான். அடுப்பும் வெளியேதான், ஏனென்றால் மூடிய வண்டிக்குள் அடுப்பெரித்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முடிந்தது.

இப்போது முக்கியமானது. "பொம்பளை தனியா, அதுவும் இவ்வளவு சின்ன வண்டியில, பாதுகாப்பு வேணாமா?" என்று கேட்கிறீர்கள். பெரிய கேரவனை ஓட்டிய அந்த இரண்டு நாளில் நிறுத்திய இடத்திலெல்லாம் கூட்டம். "ஷூட்டிங் எங்க நடக்குது?" "யாரு வந்திருக்காங்க?" பாலக்கோட்டில் டீ குடிக்க நிறுத்தினேன், ஒரு பாட்டி கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். ஒருத்தி தனியாக இந்த வண்டியில் தூங்குகிறாள் என்று அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஈகோவை எவன் திரும்பிப் பார்க்கிறான்? பால் வண்டி, தக்காளி வண்டி, ஸ்கூல் வண்டி, எல்லாம் அதுதான். திரையை இழுத்துவிட்டால் உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. மனசுக்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் கீழே இறங்க வேண்டாம். சீட்டுகளுக்கு நடுவே நுழைந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக் கிளம்ப வேண்டியதுதான். காவேரி ஆற்றோரம் ஒரு ராத்திரி அப்படிக் கிளம்பியும் இருக்கிறேன். கோழி வண்டி மாதிரி இருக்கிறது என்று சிரித்தீர்களே, எனக்குப் பாதுகாப்பே அதுதான்.

கூன் விழும் என்று எழுதியவருக்கு: என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். உள்ளே உட்காரவும் படுக்கவும்தான் போகிறேன், நிற்க வெளியே தர்மபுரி மாவட்டமே இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே தகரம் காய்ந்துவிடுகிறது, அது உண்மை. அந்த இரண்டு மாதம் நான் கிளம்புவதில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டேன், ஆனால் வலித்தது வண்டியைச் சொன்னதால் இல்லை. டிராவலர்காரர் யாரோ. அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவரைத் தெரியாது. பெரிய வண்டி வைத்திருக்கிறார், குடும்பமாகப் போகிறார், அவருக்கு அது சரிதான். சிரித்தவர்கள் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே வந்தால் அதில் என் தம்பி பெயர் இருந்தது. கண்ணில் நீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் மூஞ்சி.

அவனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது நான். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுச் சந்தில், கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "அக்கா விட்றாதக்கா, விட்றாதக்கா" என்பான். சரி, அது வேறு கதை.

அம்மா போன பிறகு வீட்டைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். பெரியப்பா, மாமா, தம்பி, தம்பி பெண்டாட்டி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1989-லேயே தமிழ்நாட்டில் கல்யாணமாகாத பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு வந்துவிட்டது, அது அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அன்றைக்குப் பேச்சு என்ன தெரியுமா? "ஒத்த ஆளுக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய வீடு? பின்கட்டு போதுமே." ஒரு ரூம், ஒரு சமையற்கட்டு. தம்பி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அதே ஒத்த ஆள் தன் சொந்தப் பணத்தில், செகண்ட் ஹேண்டில், மூன்று லட்சத்துச் சொச்சத்துக்கு ஒரு வண்டி வாங்கினால் "இவ்வளவு சின்னதா?" என்று சிரிப்பு. வீடென்றால் எனக்கு அதிகம், வண்டியென்றால் குறைவு. ஒத்த ஆளுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து சொல்கிற டேப் உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடம் மட்டும்தான் இல்லை போலிருக்கிறது.

"டீச்சர் ரொம்ப எமோஷனல் ஆகறீங்க, ஒரு ஜோக்தானே" என்று எழுத இப்போதே யாரோ டைப் செய்துகொண்டிருப்பீர்கள். எழுதுங்கள். முட்டை கேட்டவர் மறுபடி வந்தாலும் வரட்டும், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கமெண்ட்டை மூடப்போவதில்லை, யாரையும் பிளாக் செய்யவும் போவதில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை தீர்த்தமலைக்குக் கிளம்புகிறேன், அரூர் வழியாக. இரண்டு ராத்திரி. போனில் சிக்னல் இருக்குமா தெரியாது.

தம்பி இதைப் படிப்பான். லைக் போட வேண்டாம். போன் செய்து விளக்கமும் சொல்ல வேண்டாம். அந்தச் சிரிப்பை மட்டும் எடுத்துவிடு.