‘வித்துத் தொலைங்க’ என்று கத்துகிறவர்களுக்கு

எங்கள் கால்பந்து கிளப் மூன்றாவது கோல் வாங்கியதும் கேலரியில் யாராவது ஒருவர் எழுந்துவிடுவார். நிர்வாகக் குழு உட்கார்ந்திருக்கும் பக்கம் கையை நீட்டி, "கிளப்பை வித்துத் தொலைங்க!" என்று கத்துவார். சுற்றி இருக்கும் நாலு பேர் கை தட்டுவார்கள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இதே கதை. கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

யாரை விற்கச் சொல்கிறீர்கள்? கிளப்பின் சொந்தக்காரர்களே நாம்தானே!

வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கைத்தான் உலகமே பார்க்கிறது. அதற்குக் கீழே படிப்படியாகப் பல பிரிவுகள் உண்டு. அந்தக் கீழ்ப் பிரிவுகளில் சில கிளப்புகளை ரசிகர்களே சங்கம் அமைத்து நடத்துகிறார்கள். சந்தா கட்டினால் உறுப்பினர். பத்து பவுண்டு போட்டவருக்கும் ஒரு ஓட்டு, பத்தாயிரம் பவுண்டு போட்டவருக்கும் அதே ஒரு ஓட்டு. நான் இருப்பதும் அப்படி ஒரு கிளப்தான். இந்த சீசன் அட்டவணையில் அடியில் கிடக்கிறோம். அதனால்தான் இந்தக் கூச்சல்.

நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பராமரிப்புப் பணத்தை மாசக்கணக்கில் கட்டாமல் இருப்பவர்தான் லிஃப்ட் நின்றதும் முதலில் சத்தம் போடுவார். இங்கேயும் அதேதான். சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மூன்று தடவை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருகிறவர்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துவிடலாம். கணக்கறிக்கையை முன்கூட்டியே அனுப்பினால் அதைத் திறந்து படிப்பவர்கள் சொற்பம். ஆனால் ஸ்ட்ரைக்கரை ஜனவரியில் ஏன் விற்றீர்கள் என்று கேட்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. ஐயா, அந்தப் பையனை விற்ற காசில்தான் பிப்ரவரி சம்பளம் போட்டோம். அறிக்கையிலேயே அது இருக்கிறது.

அப்புறம் அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர், பகலில் வேறு கம்பெனியில் கணக்குப் பார்க்கும் ஒரு பெண், எலக்ட்ரீஷியன் ஒருவர். யாருக்கும் சம்பளம் கிடையாது. போன மாதம் ராத்திரி முழுக்க மழை. மைதானத்தை மூடியிருந்த தார்ப்பாயை விடியற்காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். தண்ணீர் கோத்திருந்த தார்ப்பாய் என்ன கனம் கனக்கும் என்று இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கோல் கம்பத்துக்கு முன்னால் தேங்கிய தண்ணீரை முள்கரண்டி மாதிரியான மண்வெட்டியால் குத்திக் குத்தி இறக்கினார்கள். பதினொரு மணிக்கு நடுவர் வந்தார், பந்தைத் தரையில் போட்டுப் பார்த்தார். அது எழும்பவே இல்லை. ஆட்டம் ரத்து. ஆர்டர் செய்திருந்த பை, பன், பால் எல்லாம் அப்படியே கிடந்தன. டிக்கெட் வருமானம் போச்சு, சாப்பாட்டு வருமானம் போச்சு. பணக்கார முதலாளி இருக்கிற கிளப்புக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். எங்களுக்கு அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழுகிறது. அன்று மாலையே ஒருவர் கேட்டார், "இதுகூட ஒழுங்கா நடத்தத் தெரியலையா?" என்று. தார்ப்பாய் இழுக்க அவர் வரவில்லை.

சரி, ஆட்களை விடுங்கள். எனக்கு இதைவிடப் பெரிய கோபம் விதிகளின் மேல்.

நாங்கள் கையில காசு வாயில தோசை என்று நடத்துகிறோம். வந்த காசுக்குள் செலவு. எதிரில் ஆடும் கிளப்பின் முதலாளி வருஷா வருஷம் நஷ்டத்தைத் தன் பையிலிருந்து அடைக்கிறார். கீழ்ப் பிரிவுகளில் வீரர்கள் சம்பளத்துக்கு வருமானத்தில் இவ்வளவு சதவீதம்தான் என்று ஒரு வரம்பு உண்டு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் முதலாளி போடுகிற முதலீட்டையும் அந்த வருமானத்தில் சேர்த்துக்கொள்ள விட்டிருக்கிறார்கள். அப்போது அந்த வரம்பு யாரைக் கட்டுகிறது? முதலாளி இல்லாதவனைத்தான் கட்டுகிறது. மேலே பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் வந்து வெளியேறும் கிளப்புக்கே ஒரு சீசனுக்குப் பத்துக் கோடி பவுண்டு கிடைக்கிறது. அதிலிருந்து நான்காம் பிரிவுக்கு ஒழுகி வருவதை வைத்து ஒரு நல்ல டிஃபென்டரைக்கூட நிம்மதியாகத் தக்கவைக்க முடியாது.

இருந்த ஒரே ஆறுதல் எஃப்.ஏ. கோப்பை, பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் மோதும் நாக்-அவுட் போட்டி. எக்ஸெட்டர் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2003ல் கடனில் மூழ்கி, தொழில்முறை லீக்கிலிருந்தும் கீழே விழுந்த கிளப்பை ரசிகர் சங்கம் கையில் எடுத்தது. 2005 ஜனவரியில் ஓல்ட் டிராஃபர்டில், 67,000 பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0 என்று சமன் செய்தார்கள். சமன் ஆனால் அப்போதெல்லாம் மற்ற அணியின் மைதானத்தில் மறு ஆட்டம் உண்டு. அது எக்ஸெட்டரில் நடந்தது. ரொனால்டோவும் ரூனியும் கோல் போட, 0-2 என்று தோற்றார்கள். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம்தான் கிளப்பைக் கடனிலிருந்து தூக்கிவிட்டது. 2008ல் மறுபடி லீக்குக்குள் வந்தார்கள்.

அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்கள். 2024-25 சீசனிலிருந்து கோப்பையின் பிரதான சுற்றுகளில் மறு ஆட்டமே கிடையாது. பெரிய கிளப்புகளுக்கு அட்டவணை நெருக்கடியாம். 2025 பிப்ரவரியில் அதே எக்ஸெட்டர், நான்காம் சுற்றில் பிரீமியர் லீக் கிளப்பான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு 2-2 என்று சமன் செய்தது. பழைய விதிப்படி ஃபாரஸ்ட் மைதானத்தில் மறு ஆட்டம் நடந்திருக்கும், டிக்கெட் வசூலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் கைக்கு வந்திருக்கும். இப்போது அன்று ராத்திரியே பெனால்டி, தோல்வி, வீட்டுக்குப் போ. கீழ்ப் பிரிவுக் கிளப்புகளின் சம்மதம் இல்லாமலேயே இதைச் செய்தார்கள். நினைத்தால் இன்னும் கொதிக்கிறது.

இத்தனைக்கும் நடுவில்தான் "ஒரு கோடீஸ்வரன் வந்தா எல்லாம் சரியாகிடும்" என்கிறார்கள்.

வந்தார்களே! பரி கிளப்புக்கு என்ன ஆனது? 1885ல் தொடங்கியது, இரண்டு தடவை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டுக்குத் தனி முதலாளி ஒருவரிடம் கை மாறியது. 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கினார்கள். 125 வருஷம் லீக்கில் இருந்த ஊருக்கு ஆட்டமே இல்லாமல் போனது. அதன்பின் அந்த கிளப்பின் கிக் லேன் மைதானத்தில் மறுபடி பந்து உருள ஓடியாடியது யார்? ரசிகர்கள்தான். 2025 கோடையில் மோர்கம் கிளப்பில் ஊழியர்களுக்கும் வீரர்களுக்கும் சம்பளம் வராமல், கிளப்பே இடைநீக்கமாகி, ஆகஸ்டில் விற்பனை முடியும்வரை ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கேயும் இருந்தது தனி முதலாளிதான்.

என் கிளப்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது நாட்ஸ் கவுண்டி கதை. அங்கே பெரும்பான்மைப் பங்கு ரசிகர் சங்கத்தின் கையில்தான் இருந்தது. 2009ல் ‘முன்டோ ஃபைனான்ஸ்’ என்று ஒரு நிறுவனம் வந்தது. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெளிவாகத் தெரியாமலேயே உறுப்பினர்கள் அமோகமாக ஓட்டுப் போட்டுப் பங்கைக் கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து அணிக்கே பயிற்சியாளராக இருந்த ஸ்வென்-யோரன் எரிக்ஸன் வந்தார். இங்கிலாந்து அணிக்கு ஆடிய சோல் கேம்பெல் வந்தார், ஒரே ஆட்டம் ஆடிவிட்டுப் போய்விட்டார். சொன்ன கோடிகள் வரவே இல்லை. வரி பாக்கியும் கடனுமாக நின்ற கிளப் 2010 பிப்ரவரியில் ஒரு பவுண்டுக்குப் போனது. அந்த சீசனில் மேல் பிரிவுக்கு ஏறினார்கள் என்பது உண்மை. ஆனால் ரசிகர்களின் பங்கு போனது போனதுதான். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினால் வேறென்ன நடக்கும்?

விற்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. போர்ட்ஸ்மத் ரசிகர்கள் 2013ல் கிளப்பைக் காப்பாற்றினார்கள், கடனைத் தீர்த்தார்கள், 2017ல் நான்காம் பிரிவுச் சாம்பியன் ஆனார்கள். அப்புறம்தான் ஓட்டெடுத்து, டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றார்கள். பழைய மைதானத்தைப் பழுதுபார்க்கவே பெரிய பணம் தேவைப்பட்டது. வாங்குகிறவர் யாரென்று தெரிந்து, நேருக்கு நேர் கேள்வி கேட்டு, தலை நிமிர்ந்து விற்றார்கள். அதை மதிக்கிறேன். மறுபக்கம் ஏ.எஃப்.சி. விம்பிள்டனைப் பாருங்கள். 2002ல் பழைய விம்பிள்டன் கிளப்பையே மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக அனுமதித்தபோது, ரசிகர்கள் அடியிலிருந்து புதுசாக இந்தக் கிளப்பைத் தொடங்கினார்கள். ஒன்பதே வருஷத்தில் லீக்குக்குள் வந்தார்கள். மைதானம் கட்டப் பணம் பற்றாதபோது ரசிகர்கள் பத்திரம் வாங்கிப் பல லட்சம் பவுண்டு திரட்டினார்கள். 2020 நவம்பரில் பழைய கிளப் ஆடிய ப்ளவ் லேனுக்கே திரும்பினார்கள்.

பணக்காரர் கிளப் கீழே இறங்கினால் மேனேஜர் சரியில்லை என்கிறார்கள். நாங்கள் இறங்கினால் மட்டும் "ரசிகர்கள் நடத்தினா இப்படித்தான்" என்று முறையின் தலையிலேயே கட்டுகிறார்கள். இந்த ஓரவஞ்சனையைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. தரவரிசையில் கீழே கிடக்கிறோம், ஆமாம். ஆனால் ஒரு வீரருக்கும் ஒரு பவுண்டு பாக்கி இல்லை. பன் கொடுத்த கடைக்காரருக்கும் பாக்கி இல்லை.

2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, தனிக் கண்காணிப்பு அமைப்பு வந்திருக்கிறது. மேல்மட்டப் பணத்தைக் கீழே பங்கிட அது வழி செய்ய வேண்டும் என்று எம்.பி.க்குக் கடிதம் எழுதுங்கள். அந்தக் கோபத்தை அங்கே காட்டுங்கள்.

நம் நிர்வாகக் குழுவில் காலியிடம் இருக்கிறது, போட்டியிட ஆள் இல்லை. வேட்புமனு ஒரே பக்கம்தான். டிக்கெட் கவுன்டரில் கேட்டால் கொடுப்பார்கள். போன சனிக்கிழமை கத்தியவர்களில் ஒருவராவது இந்த வாரம் அதை நிரப்பிக் கொடுங்கள்.